ஆவுடையப்பன் வீடு

காபி வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள கொண்டு வந்துட்டீங்க. பரவாயில்ல, குடுங்க. நீங்களும் உக்காருங்க. எதிராளி நின்னுட்டிருந்தா எனக்குப் பேச்சு வராது.

ரெண்டு மணிக்கு வர்றேன்னுதான் உங்க பொண்ணுக்கு எழுதியிருந்தேன். பஸ் கொஞ்சம் வேகமா வந்துடுச்சு, ஒன்றரைக்கே வந்து நின்னுட்டேன். யார்கிட்டயும் வழி கேக்கல. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எங்க கம்பெனிப் பயிற்சிக்கு வந்தப்ப உங்க பொண்ணு நிரப்பின பழைய படிவத்துல நிரந்தர முகவரின்னு போட்டு, கதவு நம்பர், தெருப் பேர் எல்லாம் இருந்துச்சு. வந்தேன், வாசல்ல போர்டைப் பாத்தேன், து. ஆவுடையப்பன். ஆவுடையப்பன் வீடுதானேன்னு கேட்டேன், ஆமான்னீங்க. காந்திமதி இருக்காங்களான்னேன், இங்க இல்லைன்னீங்க. வெளிய போயிருப்பாங்க, வரட்டும். எனக்கு அவசரம் இல்ல. அவங்களுக்குத்தான் அவசரம். நாலரைக்கு திருநெல்வேலில இன்டர்வியூ, மூணு மணி பஸ்ஸை விட்டா சிரமம்.

இருங்க, நான் முதல்ல யாருன்னு சொல்லிடறேன். அப்புறம் நீங்க பேசுங்க.

என் பேர் நாகசுந்தரம். சென்னையில இருபத்தாறு வருஷமா ஒரே வேலை. என்ன வேலைன்னு கேட்டா என் மச்சானே இன்னிக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர்னுதான் சொல்லிட்டுத் திரியறான். ரிப்பேர் இல்லைங்க. ஒருத்தர் புரோகிராம் எழுதறாங்கன்னு வைங்க. அது மனுஷங்க படிக்கற மாதிரி இருக்கும். மெஷினுக்கு அது புரியாது. அதை மெஷின் பாஷைக்கு மாத்தறதுக்கு ஒண்ணு இருக்கு, கம்பைலர்னு பேரு. எங்க கம்பெனி அதைத்தான் செய்யுது. உங்க பொண்ணு வேலை பாத்த இடத்துல எங்களோடதைத்தான் வாங்கியிருந்தாங்க.

இப்ப கேளுங்க. மெஷின் பாஷையில பேரே கிடையாது. நீங்க "சூடு"ன்னு பேர் வச்சிருப்பீங்க, "அளவு"ன்னு வச்சிருப்பீங்க, மாத்தின பிறகு எல்லாம் வெறும் நம்பர்தான். நாளைக்குப் புரோகிராம் தப்பாப் போச்சுன்னா, எது எங்க இருக்குன்னு எப்படித் தேடுவாங்க? அதுக்காகக் கம்பைலர் பக்கத்துலயே ஒரு குறிப்பு எழுதி வைக்கும். இந்தப் பொருளுக்கு இன்ன பண்பு உண்டு, அதோட பேர் இது, எந்த ஃபைல்ல எத்தனாவது வரில இருக்கு, கேட்டா மதிப்பைச் சொல்றது யாரு, மாத்தறது யாரு, மாத்தவே கூடாதா, மதிப்பை எந்தப் பெட்டியில போட்டு வச்சிருக்கு, இப்படி. தப்பு தேடறவங்க டிபக்கர்னு ஒண்ணைத் திறப்பாங்க. அது இந்தக் குறிப்பைப் படிச்சுத்தான் சொல்லும். குறிப்பு என்ன சொல்லுதோ அதுதான் அவங்க கண்ணு.

அந்தக் குறிப்பை எழுதற பகுதி என்னோடது. இருபத்தாறு வருஷம். வேற யாரையும் தொட விட்டதில்ல.

தலையை ஆட்டாதீங்க. எனக்குப் புரியுது. பொண்ணுக்கு வேலை போச்சுன்னா அப்பா மனசு என்ன பாடுபடும்னு தெரியாதா எனக்கு?

என்ன நடந்ததுன்னு உங்ககிட்ட முழுசா யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன். குறை மாசத்துல பிறந்த குழந்தைங்களை வைக்கற கண்ணாடிப் பெட்டி இருக்குல்ல, இன்குபேட்டர், அதைச் செய்யற கம்பெனிதான் காந்திமதி இருந்தது. உள்ள எவ்வளவு சூடு இருக்கணும்கறதைப் பாத்துக்கற புரோகிராம் அவங்க பொறுப்பு. பயப்படாதீங்க, குழந்தை யாரும் உள்ள இல்ல. இன்னும் சோதனையிலதான் இருந்துச்சு, தண்ணிப் பையை வச்சுப் பாத்துட்டிருந்தாங்க. முப்பத்தாறரை டிகிரி வைன்னா, முப்பத்து நாலுக்கு மேல ஏற மாட்டேங்குது.

காந்திமதி டிபக்கரைத் திறந்து பாக்கறாங்க. இலக்கு, அதாவது வைக்கச் சொன்ன சூடு, எவ்வளவு? முப்பத்தாறரை. சரியாத்தான் இருக்கு. அப்ப புரோகிராம் சரி, ஹீட்டர்தான் தப்புங்கறாங்க. ஹீட்டர்காரங்க, எங்களுது சரி, உன் புரோகிராம்தான் தப்புங்கறாங்க. அஞ்சு வாரம் இதே கதை. அஞ்சு வாரமும் அந்த ஸ்கிரீன்ல முப்பத்தாறரை.

இப்ப நான் ஒரு விஷயம் சொல்லணும், கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இதுலதான் என் பக்க நியாயம் இருக்கு.

ஒரு பண்போட மதிப்பைப் போட்டு வைக்கப் பெட்டி வேணும்னா, அந்தப் பண்போட பேருக்கு முன்னாடி ஒரு அடிக்கோடு போட்டு வச்சுக்கறதுதான் வழக்கம். இலக்குன்னா, அடிக்கோடு இலக்கு. உலகம் பூரா வழக்கம். எல்லாரும் அப்படித்தான் வைக்கறாங்கன்னா, ஒவ்வொண்ணுக்கும் பெட்டி பேரை எதுக்குக் குறிப்புல எழுதணும்? கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை ஆண்னு போடறோமா? அதனால நான் என்ன பண்ணினேன், பெட்டி பேர் எழுதறதையே எடுத்துட்டேன். டிபக்கர் தானாவே அடிக்கோடு சேர்த்துப் பெட்டியைத் தேடிக்கும். குறிப்போட அளவு நாலு சதவீதம் குறைஞ்சுது. நாலு சதவீதம்! அந்த வருஷ ஆண்டு விழாவுல எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. இன்னும் ஹால்லதான் மாட்டியிருக்கு. கொஞ்சம் மெதுவா ஓடும்.

உங்க பொண்ணு என்ன பண்ணியிருக்காங்க? அவங்களுக்கு முன்னாடி இருந்தவர் அடிக்கோடு இலக்குன்னு ஒரு பெட்டி வச்சிருந்தார். அவர் போயிட்டார். இவங்க வந்து, மதிப்பை வேற பேர்ல ஒரு புதுப் பெட்டியில வச்சாங்க. வைக்கலாம், தப்பில்ல, சட்டப்படி அனுமதி உண்டு. ஆனா பழைய பெட்டியை யாரும் தூக்கிப் போடல. அது பாட்டுக்கு அங்கேயே கிடந்துச்சு, உள்ள பழைய முப்பத்தாறரையோட. டிபக்கர் போய் அதைத் திறந்து காட்டுது. உண்மையான பெட்டியில, வேற எங்கேயோ இருந்து வந்து உக்காந்த முப்பத்து நாலு; ஸ்கிரீன்ல தெரிஞ்சிருந்தா அன்னிக்கே திருத்தியிருப்பாங்க. அதை யாருமே பாக்கல.

பழைய பெட்டியை அப்படியே போட்டு வச்சா எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

இல்ல, இருங்க, நான் முடிச்சுடறேன். பாதியில நிறுத்தினா கோர்வை போயிடும்.

அப்ப காந்திமதி எனக்கு ஒரு மெயில் போட்டாங்க. நல்ல மெயில், மரியாதையா எழுதியிருந்தாங்க. "ஐயா, டிபக்கர் காட்டற பெட்டியும் புரோகிராம் நிஜமா எடுக்கற பெட்டியும் ஒண்ணுதானா? எனக்குச் சந்தேகமா இருக்கு"ன்னு. ஒரு நாளைக்கு எனக்கு இப்படி முப்பது நாப்பது வரும். எல்லாருக்கும் தன் புரோகிராம் தங்கம், கம்பைலர்தான் தப்பு. நான் ஒரு வரில பதில் போட்டேன். "வடிவமைத்தபடியே செயல்படுகிறது." அது பொய் இல்லைங்க. வடிவமைச்சபடிதான் வேலை செஞ்சுது. வடிவமைச்சவனே நான்தானே.

இன்னொரு மெயில் வந்துச்சு. அதே பதில். மூணாவதுல படம் எல்லாம் வச்சு, அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தாங்க. பெரிய படமா இருந்ததால திறக்கல. பதில் மட்டும் போட்டேன்.

அந்தப் பதிலை அவங்க மேனேஜர் பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டாராம். கம்பைலர் செய்யறவங்களே சரின்னு எழுத்துல குடுத்துட்டாங்க, நீதான் உன் தப்பை மறைக்கறதுக்குக் கருவி மேல பழி போடறேன்னு சொல்லி, ராஜினாமா எழுதி வாங்கிட்டாராம். ஏப்ரல்ல. இதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? நான் பிரிண்ட் எடுக்கச் சொல்லலையே.

எதிர் வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு ரொம்ப நேரமா நிக்குது, கவனிச்சீங்களா? தோள்ல பை மாட்டிட்டு, தெருக்கோடியைப் பாக்கறதும் போனைப் பாக்கறதுமா. நான் வந்து பத்து நிமிஷத்துல வந்து நின்னுச்சு. யாருக்கோ காத்திருக்கு போல. வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கறாங்க பாருங்க, அவங்களை எல்லாம் என்ன சொல்றது.

எங்க விட்டேன்? ஏப்ரல். ஜூன்ல வேற ஒரு கஸ்டமர்கிட்டேர்ந்து இதே புகார். அந்த நேரம் பாத்து நான் லீவு, மூத்தவளுக்கு வளைகாப்பு. எங்க மேனேஜர் ஹேமலதா மேடம் தானே உக்காந்து பாத்திருக்காங்க. இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. திரும்பி வந்தப்ப என் மேஜை மேல மூணு மெயிலும் பிரிண்டா இருந்துச்சு. அந்த அம்புக்குறிப் படத்தை அன்னிக்குத்தான் முதல்ல பாத்தேன். எல்லாம் அதுலயே இருந்துச்சுங்க. எந்தப் பெட்டி பழசு, எது புதுசு, குறிப்புல எது விட்டுப்போச்சு, எல்லாம். இவ்வளவு தெளிவா என் டீம்லயே ஒருத்தர் எழுத மாட்டாங்க. மேடம் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நீங்க இதைத் திறந்து பாத்தீங்களா சார்?"னு மட்டும் கேட்டாங்க. பெட்டி பேரை மறுபடி குறிப்புல சேர்த்துட்டாங்க. நாலு சதவீதம் போச்சு. என்னை யூசர் மேனுவல் எழுதற பிரிவுக்கு மாத்திட்டாங்க. இருபத்தாறு வருஷம், ஒரு வார்த்தை கேக்கல. அந்த வருத்தம் எனக்கு இருக்கு, மறைக்கல.

போன வாரம் காந்திமதி, எங்க ஹேமலதா மேடத்துக்கு எழுதியிருந்தாங்க. வேலை கேட்டிருக்கற புது இடத்துல இவங்களைப் பிடிச்சுப் போச்சாம், ஆனா பழைய கம்பெனியில விசாரிச்சிருக்காங்க. அங்க, தன் தப்பை ஒத்துக்காத பொண்ணுன்னு சொல்லிட்டாங்களாம். தப்பு என்னோடது இல்லைங்கறதுக்கு உங்ககிட்டேர்ந்து எழுத்துல ஒண்ணு கிடைச்சா இன்டர்வியூல காட்டுவேன், ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பினாப் போதும்னு கேட்டிருந்தாங்க. மேடம் என்னை எழுதச் சொன்னாங்க.

மெயில்ல அனுப்பற விஷயமா இது? ஒரு பொண்ணோட வாழ்க்கை. நான் லெட்டர்ஹெட்ல மூணு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, "நேரில் கொண்டு வருகிறேன்"னு பதில் போட்டேன். வீட்டு அட்ரஸ் அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. "எனக்குத் தெரியும்"னுட்டேன். படிவத்துலதான் இருக்கே. போன் நம்பர் குடுத்து, வந்ததும் கூப்பிடச் சொன்னாங்க. நம்பர் நாளைக்கு மாறும். வீடு மாறுமா?

போனா? சட்டைப் பையிலதான் இருக்கு, அணைச்சு வச்சிருக்கேன். பெரியவங்ககூடப் பேசும்போது அணைச்சுடுவேன். அது மரியாதை.

அந்தப் பொண்ணு போயிடுச்சு பாருங்க. பாவம், கடைசி வரைக்கும் யாரும் வரல.

மணி மூணு அடிக்கப் போகுது, காந்திமதியை இன்னும் காணோமே. நீங்க ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேளுங்களேன். சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்க. வந்ததுலேர்ந்தே என்னமோ சொல்ல வர்றீங்க.

என்னது?

உங்க பொண்ணு இல்லையா?

அப்ப நீங்க ஆவுடையப்பன்...

இல்லையா. ஆனா வாசல்ல போர்டு இருக்கே. நான் கேட்டேனே, ஆவுடையப்பன் வீடுதானேன்னு. நீங்க ஆமான்னீங்களே.

சரி. சரி. அவர்கிட்டேர்ந்து வீட்டை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் ஊர்ல எல்லாருக்கும் இது ஆவுடையப்பன் வீடுதான். பால்காரர்லேர்ந்து தபால்காரர் வரைக்கும் அப்படிச் சொன்னாத்தான் தெரியும். போர்டைக் கழட்டினா வர்ற ஆளுக்கு வழி தெரியாதுன்னு நீங்க அப்படியே விட்டுட்டீங்க. பழைய போர்டு அது பாட்டுக்கு இருந்துச்சு. புரியுதுங்க. எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்.

அவங்க இப்ப எங்க இருக்காங்க?

எதிர் வீடு.

பை மாட்டிட்டு நின்ன பொண்ணா? நீங்க மூணு தடவை சொல்ல வந்தீங்க, நான்தான் இருங்க இருங்கன்னேன். ஆமா. ஆமாங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க.

இந்தப் போன் ஆன் ஆகறதுக்கு வேற ஒரு யுகம் ஆகும். வந்துடுச்சு. பதினாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. முதல் தடவை ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கு. மெசேஜ். "சார், எங்க இருக்கீங்க?" "சார், பச்சை கேட் போட்ட மாடி வீடு." "சார், பழைய வீட்டுக்குப் போயிட்டீங்களா?" கிளம்பற நேரத்துல அதையும் யோசிச்சிருக்காங்க பாருங்க. "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஹலோ. காந்திமதிங்களா? நான் நாகசுந்தரம் பேசறேன். ஆமாம்மா. ஆமா, எதிர் வீட்டுலதான். உங்களைப் பாத்தேன். பாத்தேன்மா, ஆனா கேக்கல. பஸ்ல ஏறிட்டீங்களா? நான் ஆட்டோ பிடிச்சு பின்னாடியே... வேண்டாமா? சரி. போட்டோ. போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும். ஆமா, முதல்லயே அதுதான் கேட்டீங்க.

மூணு பக்கம்மா. மூணையும் அனுப்பறேன். எந்த வரியா? என்ன எந்த வரி?

தப்பு யாரோடதுன்னு சொல்ற வரி. இருங்க, பாக்கறேன். லைன்லயே இருங்க.

முதல் பக்கம், குறிப்பு எழுதற முறையோட வரலாறு. இதுல இல்ல. ரெண்டாவது பக்கம், அடிக்கோடு வழக்கம், நாலு சதவீதம், "தொழில்நுட்பக் காரணங்களால்"... இல்ல, இதுலயும் இல்ல. மூணாவது. "மேற்கண்ட சூழ்நிலையில் புரிதலில் ஏற்பட்ட இடைவெளி"... "வருந்தத்தக்கது"...

இல்லம்மா. மூணு பக்கத்துலயும் அந்த வரி இல்ல.

நான் இருக்குன்னுதான் நினைச்சேன். சத்தியமா இருக்குன்னுதான் நினைச்சேன். எழுதினவன் நான், இருக்கும்னு நானா வச்சுக்கிட்டேன். திரும்பப் படிக்கல. ரொம்ப வெட்கமா இருக்கும்மா.

நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அஞ்சு நிமிஷம் குடுங்க. பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடும். வைக்கறேன்.

ஐயா, ஒரு பேனா குடுங்க. என்னோடது பையில எங்கேயோ கிடக்கு. இந்த மூணாவது பக்கத்துக்குப் பின்னால வெறும் இடம் இருக்கு, இதுலயே எழுதறேன். சீல் அந்தப் பக்கம் இருந்தா என்ன, கையெழுத்து என்னோடதுதானே.

"ஆ. காந்திமதி எங்களுக்கு எழுதியது முதல் மெயிலிலிருந்தே சரி. தவறு எங்கள் கம்பைலரில். அதை எழுதியவன் நான். அவர் மூன்று முறை கேட்டும் நான் பார்க்கவில்லை."

அவ்வளவுதான். நாலு வரி. இதை எழுத ரெண்டு மாசம், பத்து மணி நேர பஸ், ஒன்றரை மணி நேரப் பேச்சு.

நான் எடுத்தா போட்டோ கலங்கலாத்தான் வரும். நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன். வெளிச்சத்துல வச்சு. எழுத்து எல்லாம் தெரியுதா? தெரியுதுன்னு நீங்க சொன்னாப் போதாது, காட்டுங்க, நானும் பாக்கறேன். தெரியுது.

அனுப்பிட்டேன். ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. பாத்துட்டாங்க.

பதில் வரணும்னு இல்ல.

கிளம்பறேங்க. காபிக்கு நன்றி. சொல்ல மறந்துட்டேன், சர்க்கரையே போடல நீங்க. எனக்கு அதுதான் நல்லதுன்னு நீங்க நினைச்சிருப்பீங்கன்னு நானா முடிவு பண்ணி, கேக்காமலே குடிச்சேன்... சரி, விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். வந்தவுடனே கேட்டிருக்கணும்.

உங்க பேர் என்னங்க?